வாடகை இழுத்தடிப்பவரை வெளியேற்றுவது எப்படி: கோலாலம்பூர் வீட்டு உரிமையாளருக்கான முழு வழிகாட்டி

வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு தூக்கும் வேலை எனக்கு. வழக்கறிஞர் நான் இல்லை. ஆனால் வாடகைப் பிரச்சினையோடு வருபவர்கள் முதலில் பேசுவது என்னிடம்தான். பெரும்பாலானவர்கள் வரும்போதே ஏதோ ஒரு படியைத் தாண்டிவிட்டோ, இரண்டு படிகளை இடம் மாற்றிச் செய்துவிட்டோதான் வருகிறார்கள். அதைச் சரிசெய்யவே மாதங்கள் போய்விடுகின்றன. அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம். எந்தப் படிக்குப் பிறகு எது, ஏன் அப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கு என்று தனி நீதிமன்றமோ தீர்ப்பாயமோ இல்லை. பல பழைய சட்டங்களில் சிதறிக் கிடக்கும் பிரிவுகளை வைத்துத்தான் வேலை நடக்கிறது. உங்கள் கையில் உள்ள ஒப்பந்தம் அவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

1. முதலில் முடிவு செய்யுங்கள்: பணமா, வீடா?

இரண்டும்தான் வேண்டும் என்பார்கள். சரி, ஆனால் எது முதலில்? பாக்கிக்காக வாடகைக்காரரின் சாமான்களை நீதிமன்றம் மூலம் கைப்பற்றும் ஜப்தி ஒரு வழி, வீட்டைக் காலி செய்ய வைக்க இன்னொரு வழி. முதல் வழிக்கு வாடகை உறவு தொடர வேண்டும். இரண்டாவது வழி அந்த உறவை முறித்த பிறகுதான் தொடங்கும். கோபத்தில் முதலில் முறித்துவிட்டால் முதல் வழி அடைபட்டுப் போகும்.

வாடகைக்காரருக்கு வேலை இருக்கிறது, வீட்டில் நல்ல சாமான்கள் இருக்கின்றன, வேண்டுமென்றே இழுக்கிறார் என்றால் முதலில் பணத்தைக் குறிவையுங்கள். வேலை போய்விட்டது, எடுக்க ஒன்றுமில்லை என்றால் பாக்கியைப் பெரிதாக நினைக்காமல் வீட்டை மீட்கப் பாருங்கள். அவர் இருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நட்டம்.

தாமதமாக, ஆனால் முழுசாகக் கொடுப்பவர் வேறு ரகம். ஏழாம் தேதி வாடகையை இருபதாம் தேதி தருவார், பாக்கி வைக்கமாட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று நான்கு மாதங்கள்தான் என்றால் வழக்குக்குப் போகாதீர்கள். புதுப்பிக்க மாட்டேன் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முடிவு தேதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு, தலைவலியும் குறைவு.

2. கையில் இருக்க வேண்டியவை

முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் விட்டிருந்தால் வருமான வரி வாரியத்தில் அபராதத்தோடு இப்போது கட்டலாம். கட்டிய பிறகு அது செல்லும். இதை முதல் வேலையாக முடியுங்கள். வழக்கு நாளன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது அந்த முத்திரைச் சான்றிதழைத்தான்.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லையா? பயப்பட வேண்டாம். வங்கிக் கணக்கில் மாதாமாதம் வந்த தொகை, வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எல்லாம் சேர்ந்து மாத வாடகை உறவு இருந்ததைக் காட்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவர் கொடுக்க, நீங்கள் வாங்கிக்கொண்டிருந்தாலும் அதே நிலைமைதான். அது மாத வாடகையாகக் கருதப்படும்.

வீடு யார் பெயரில்? நம்மவர்களிடம் இந்தச் சிக்கல் நிறைய. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அப்பா வாங்கிய வீடு, அப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகளில் ஒருவர் வாடகை வாங்கி வருகிறார், கிராண்ட், அதாவது நிலப் பட்டா, இன்னும் அப்பா பெயரில். ஒப்பந்தத்தில் அப்பா பெயர் இருந்தால், சொத்தை நிர்வகிக்கும் அதிகார ஆணையை வாங்கிய பிறகுதான் வழக்குப் போட முடியும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒப்பந்தம் என்றால் நோட்டீஸும் இருவர் பெயரில் போக வேண்டும்.

டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) கொடுத்த பிபிஆர் (மக்கள் குடியிருப்புத் திட்ட) வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருப்பவருக்கு இந்த வழிகாட்டி உதவாது. அந்த வீட்டை வாடகைக்கு விடவே அவருக்கு அனுமதி இல்லை. நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் மாட்டுவது அவர்தான்.

வாடகைக்காரரின் ஐசி (அடையாள அட்டை) நகல், வேலை செய்யும் இடம், ஊர் முகவரி, கார் எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண். இவை பிரச்சினை வந்த பிறகு கிடைக்காது. நல்ல பேச்சில் இருக்கும்போதே வாங்கிவையுங்கள். அவர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டால் வழக்கின் தாள்களை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

3. வாடகைக் கணக்கை மாதவாரியாக எழுதுங்கள்

‘ஏழாயிரம் சொச்சம் பாக்கி’ என்று சொல்பவரிடம் எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார். துண்டு துண்டாகப் பணம் வரும்போது கணக்கு கலங்கிவிடும். தொகை தவறாக இருந்தால் நோட்டீஸையே கேள்வி கேட்க அவருக்கு வழி கிடைக்கும்.

ஓர் உதாரணம். வாடகை 1,500 வெள்ளி (ரிங்கிட்), ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள்.

ஜனவரி: 16ஆம் தேதி 1,500 வந்தது. தாமதம், பாக்கி இல்லை.
பிப்ரவரி: 25ஆம் தேதி 900 வந்தது. பாக்கி 600.
மார்ச்: 19ஆம் தேதி 1,000 வந்தது. இதில் 600 பிப்ரவரிக்கு, மிச்சம் 400 மார்ச்சுக்கு. மார்ச் பாக்கி 1,100.
ஏப்ரல்: ஒன்றும் வரவில்லை. பாக்கி 1,500. மொத்தம் 2,600.

மே மாதம் 3ஆம் தேதி 1,500 வருகிறது. வங்கிக் குறிப்பில் ‘மே வாடகை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இதைப் பழைய பாக்கியில் கழிக்க முடியுமா? முடியாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பணம் கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்து, நீங்களும் அதை ஏற்றுக்கொண்டால், அந்தக் கடனுக்குத்தான் போக வேண்டும். குறிப்பு எதுவும் இல்லையென்றால் பெறுபவர் தன் விருப்பப்படி ஒரு பாக்கிக்கு வைத்துக்கொள்ளலாம். இருவருமே ஒதுக்காவிட்டால் பழையதிலிருந்து வரிசையாகக் கழியும். மொத்தத் தொகை எப்படிப் பார்த்தாலும் அதேதான், ஆனால் எந்த மாதங்கள் பாக்கி என்பது மாறிவிடும். நோட்டீஸில் எழுத வேண்டியதும் அந்த மாதங்களைத்தான்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதாரத்தைக் குறியுங்கள்: வங்கிப் பட்டியலின் பக்க எண், ரசீது எண். ரொக்கமாக வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

தண்ணீர், மின்சாரம், இண்டா வாட்டர் (கழிவுநீர்க் கட்டணம்) பாக்கியைத் தனித் தாளில் வையுங்கள். அது வாடகை இல்லை. இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிவிட்டால் கீழே வரும் ஜப்தி படியில் சிக்கல்.

4. கை வைக்கக் கூடாத இடங்கள்

1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் பிரிவு 7(2) தெளிவாகச் சொல்கிறது: வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டிலேயே தங்கியிருந்தால், நீதிமன்றம் வழியாக மட்டுமே அவரிடமிருந்து வீட்டை மீட்க முடியும். உங்கள் வீடுதான், சந்தேகமில்லை. ஆனாலும் பூட்டை மாற்ற முடியாது, கதவைக் கழற்ற முடியாது, சாமான்களை நடைபாதையில் வைக்க முடியாது.

ஒப்பந்தத்தில் ‘வாடகை 7 நாள் தாமதமானால் உரிமையாளர் உள்ளே நுழைந்து வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பிப் பூட்டை உடைக்காதீர்கள். ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமைக்கு அது உதவும். அவர் வெளியேற மறுத்தால் நீதிமன்றப் படியைத் தாண்ட அது உதவாது.

மின்சாரத்தை வெட்டுவதும் இதே கணக்கில்தான் சேரும். டிஎன்பி (மின்சார நிறுவன) கணக்கு என் பெயரில்தானே என்பார்கள். அவரை விரட்டுவதற்காக வெட்டினீர்கள் என்று அவர் சொல்லி, நட்டஈடு கேட்டுத் திருப்பி வழக்குப் போட்டால், 2,600 வெள்ளி பாக்கிக்காகப் போன நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள். கொண்டோமினியம் நிர்வாக அலுவலகத்தில் சொல்லி நுழைவு அட்டையை முடக்குவதும் பூட்டை மாற்றுவது போன்றதுதான். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

ஐசி படத்தை முகநூலில் போட்டு ‘வாடகை ஏமாற்றுக்காரர்’ என்று எழுதுவது, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பது, இதெல்லாம் மனசுக்கு ஆறுதலாக இருக்கலாம், வழக்குக்குக் கெடுதல். போலீஸிலும் இது சிவில் விவகாரம் என்றுதான் சொல்வார்கள். மிரட்டல், சேதம், ஆள் காணாமல் போனது போன்றவற்றுக்கு மட்டும் புகார் கொடுங்கள்.

5. பழகிப்போன தாமதத்தை முதலில் முறியுங்கள்

ஒன்றரை வருடமாக இருபதாம் தேதி கொடுத்ததை ஒன்றும் சொல்லாமல் வாங்கிவிட்டு, திடீரென்று ‘ஏழாம் தேதி கொடுக்கவில்லை, வெளியே போ’ என்றால் அவர் என்ன சொல்வார்? ‘இத்தனை நாள் நீங்களே ஒத்துக்கொண்டீர்களே’ என்பார். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் கருத வாய்ப்புண்டு.

அதனால் நோட்டீஸுக்கு முன் ஒரு கடிதம். அதில் மூன்று செய்திகள் போதும். இதுவரை தாமதமாகப் பெற்றுக்கொண்டது ஒரு சலுகைதான், உரிமையை விட்டதாகாது. வரும் மாதத்திலிருந்து ஒப்பந்தத்தில் உள்ள தேதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். தவறினால் ஒப்பந்தப்படி நடவடிக்கை வரும். மரியாதையாகவே எழுதுங்கள். ‘அண்ணே, கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று தொலைபேசியில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

இந்தக் கட்டத்தில் சிலர் ‘டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக வாங்குவது இரண்டு மாத முன்பணம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இன்னும் அரை மாதம். அதை வாடகையாகக் கழித்துவிட்டால் பாக்கி இல்லை என்றாகிவிடும், உங்கள் முறிப்பு உரிமையும் போய்விடும், கடைசியில் உடைந்த கதவுக்கும் பாக்கி பில்லுக்கும் கையில் ஒன்றும் இருக்காது. முன்பணத்தை வாடகையாகக் கருதக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களிலேயே இருக்கும். அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதுங்கள்.

6. கோரிக்கை நோட்டீஸ்

பாக்கி முன்பணத்தைத் தாண்டும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மாத வாடகை முழுசாக நின்றதுமே இதை அனுப்பிவிடலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு வழக்கு முடிவதற்குள் அது எட்டு மாதமாகிவிடுகிறது.

நோட்டீஸில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தத் தேதி, வீட்டு முகவரி, எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் எந்த வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்ன நடவடிக்கை. எத்தனை நாள் அவகாசம் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். 14 நாள் என்று போட்டிருக்க நீங்கள் 7 நாள் கொடுத்தால் நோட்டீஸ் செல்லாது என்று வாதாடுவார்கள். ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் 14 நாள் கொடுங்கள். ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். நீதிமன்ற ஆவணங்கள் மலாயில்தான் போக வேண்டும். தமிழ் வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியமாகக் கொடுப்பதானால் மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். அதைவிடத் தொல்லை குரல் செய்தி. ‘அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடுறேன் அக்கா’ என்று அவர் குரலில் சொன்னது நல்ல ஆதாரம்தான், ஆனால் அதை எழுத்தாக்கி, பிறகு மொழிபெயர்த்து, அப்புறம்தான் கொடுக்க முடியும். அதனால் அவர் குரலில் பேசினால் நீங்கள் எழுத்தில் பதில் போடுங்கள்: ‘ஏப்ரல் வாடகை 1,500 வெள்ளியை 12ஆம் தேதி போடுவதாகச் சொன்னீர்கள், சரி.’ அவர் ‘ஆமா’ என்று பதில் போட்டால் போதும்.

அனுப்பும் விதம் ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படி. பொதுவாகப் பதிவுத் தபால், பெற்றுக்கொண்டதற்கான ஏஆர் அட்டையோடு. கூடவே ஒரு பிரதியை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டி, வீட்டு எண் தெரியும்படி படம் எடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்து என்றால் இருவருக்கும் தனித்தனி உறை.

7. பணம்தான் முதலில் என்றால்: ஜப்தி

இந்தப் படியைத்தான் ஒப்பந்தத்தை முறிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, வாடகைக்காரருக்குத் தெரிவிக்காமலேயே நீதிமன்றத்தில் விண்ணப்பித்து ஜப்தி வாரண்ட் வாங்கலாம். நீதிமன்ற பெய்லிஃப் வந்து வீட்டில் உள்ள சாமான்களைக் கைப்பற்றிப் பட்டியல் போடுவார். குறித்த அவகாசத்துக்குள் பணம் கட்டவில்லை, தடை கேட்டும் விண்ணப்பிக்கவில்லை என்றால் ஏலம்.

எல்லைகள் உண்டு. விண்ணப்ப நாளுக்கு முந்தைய 12 மாத வாடகைக்கு மேல் இதில் கேட்க முடியாது. மின்சாரம், தண்ணீர் பாக்கி சேராது. உடுக்கும் துணி, படுக்கை, அந்த நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் பொருள் ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். வாடகை உறவு தொடர்ந்தால்தான் இது. முறித்த பிறகு இந்தக் கதவு மூடிவிடும்.

என் கருத்தைக் கேட்டால், கடைக்கும் அலுவலகத்துக்கும் இது நன்றாக வேலை செய்யும். பெய்லிஃப் வாசலில் வந்து நின்றதும் எங்கிருந்தோ பணம் வந்துவிடும். சாதாரண குடியிருப்பில் பழைய தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் ஏலத்தில் என்ன போகப்போகிறது? லாரி, ஏலச் செலவு எல்லாம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

8. ஒப்பந்தத்தை முறிக்கும் நோட்டீஸ்

கோரிக்கை நோட்டீஸின் கெடு முடிந்த மறுநாள்தான் இது. அதற்கு முன்னால் இல்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள், ‘கட்டாவிட்டால் இத்துடன் முறிந்ததாகக் கொள்ளவும்’ என்று. அப்போது எந்த நாளில் முறிந்தது என்பதே சண்டையாகிவிடும். தனிக் கடிதமாக, தெளிவான தேதியோடு கொடுங்கள்.

கடிதத்தில் மூன்று வரிகள் முக்கியம். எந்தப் பிரிவின்படி முறிக்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் தங்கினால் இரட்டை வாடகை கேட்கப்படும். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் பிரிவு 28(4)(a)படி, காலம் முடிந்தும் தங்கியிருப்பவரிடம் வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை இரு மடங்கு வாடகை கேட்க உங்களுக்கு விருப்ப உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

மாத வாடகையாக இருந்தால் ஒரு மாத நோட்டீஸ் கொடுங்கள், அது வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியட்டும். 12ஆம் தேதி கொடுத்து அடுத்த மாதம் 12ஆம் தேதி போ என்று சொன்னால் குறை சொல்ல இடம் கொடுக்கிறீர்கள்.

9. நோட்டீஸுக்குப் பிறகு வரும் பணம்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. முறிப்பு நோட்டீஸ் போன மூன்றாம் நாள் கணக்கில் 1,500 வெள்ளி விழும், ‘ஜூன் வாடகை’ என்ற குறிப்போடு. உரிமையாளர் மகிழ்ந்து ‘நன்றி, கிடைத்தது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் குறியும் போட்டுவிடுவார். முறித்த பிறகு புதிய மாத வாடகையை வாங்கினால், உறவு தொடர்கிறது, முறிப்பைக் கைவிட்டீர்கள் என்று அவர் சொல்லலாம்.

பணத்தைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. அன்றே எழுத்தில் பதில் போடுங்கள்: ‘தொகை கிடைத்தது. ஒப்பந்தம் ஏற்கெனவே முறிக்கப்பட்டுவிட்டதால் இது வாடகை அல்ல. வீட்டைப் பயன்படுத்துவதற்கான தொகையாக, எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறோம்.’ ரசீது கொடுத்தாலும் அதே வாசகம், ‘வாடகை’ என்ற தலைப்பு இல்லாமல். ரசீதுப் புத்தகத்திலேயே ‘வாடகை’ என்று அச்சடித்திருந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடாதீர்கள்.

பாக்கி முழுவதையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தால்? அப்போது நீங்கள் நிதானமாக முடிவு செய்ய வேண்டும். அவரைத் தொடர வைக்க விருப்பமென்றால் புது ஒப்பந்தம் போட்டு, முத்திரை வரி கட்டி, புதிதாகத் தொடங்குங்கள். பழையது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் விடாதீர்கள்.

10. வழக்குக்கு முன் ஒரு பேரம்

‘பாக்கியில் பாதியை விட்டுவிடுகிறேன், மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுங்கள்.’ இப்படிச் சொல்வது தோல்வி மாதிரித் தெரியும். வழக்கறிஞர் செலவு, வெற்று மாதங்கள், பெய்லிஃப் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

பேரம் முடிந்தால் எழுத்தில் கையெழுத்து. சாவி கைக்கு வந்த பிறகுதான் பாக்கி தள்ளுபடி என்று எழுதுங்கள், முன்கூட்டியே விட்டுக்கொடுக்காதீர்கள். வழக்கு போட்ட பிறகு சமரசம் வந்தால் அதை நீதிமன்றத்தில் ஒப்புதல் தீர்ப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர் மறுபடி தவறினால் புதிதாக வழக்குத் தொடங்க வேண்டியிருக்காது.

11. வழக்கு

கோலாலம்பூர் வீடு என்றால் ஜாலான் டூத்தாவில் உள்ள கோலாலம்பூர் நீதிமன்ற வளாகம். வீடு பெட்டாலிங் ஜெயாவிலோ கிள்ளானிலோ இருந்தால் அது சிலாங்கூர், அங்குள்ள நீதிமன்றம்தான். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை.

தொகை 100,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அதற்கு மேல் செஷன்ஸ். வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே கிடையாது.

‘ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றச் சுருக்கு வழி இருக்கிறதாமே’ என்று கேட்டு வருபவர்கள் உண்டு. நீதிமன்ற விதிகளின் 89ஆவது ஆணை அது. அனுமதியின்றி நுழைந்தவருக்கானது, காலம் முடிந்தும் தங்கியிருக்கும் வாடகைக்காரருக்குப் பொருந்தாது என்று அந்த விதியிலேயே இருக்கிறது.

கோர வேண்டியவற்றை ஒரே வழக்கில் கேட்டுவிடுங்கள்: ஒப்பந்தம் முறிந்தது என்ற அறிவிப்பு, காலி வீடு, பாக்கி வாடகை, முறிந்த நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை இரட்டை வாடகை, கட்டண பாக்கி, வட்டி, செலவு. வீட்டில் விட்டுப்போகும் சாமான்களை என்ன செய்வது என்பதற்கும் ஆணை கேட்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் முன்னதாகவே பேசுங்கள்.

வழக்கின் தாள் கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் அவர் நீதிமன்றத்தில் முன்னிலைப்பட வேண்டும். வராவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பு கேட்கலாம். வந்து, சொல்ல எதிர்வாதம் எதுவும் இல்லாமல் இழுத்தால், முழு விசாரணை இல்லாமல் தீர்ப்புக் கேட்கவும் விதியில் வழி உண்டு. உங்கள் மாதவாரிக் கணக்கும் நோட்டீஸ்களும் ஒழுங்காக இருந்தால்தான் இந்த வழி எடுபடும்.

நீங்களே நேரில் வாதாடலாம், தடை இல்லை. வீட்டை மீட்கும் வழக்குக்கு வழக்கறிஞர் வைப்பது நல்லது என்பேன். கட்டணத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: நோட்டீஸ்களுக்கு எவ்வளவு, தீர்ப்பு வரை எவ்வளவு, தீர்ப்பை நிறைவேற்ற எவ்வளவு. மூன்றாவதைக் கேட்க மறந்து பிறகு திகைப்பவர்களே அதிகம்.

12. பெய்லிஃப் வரும் நாள்

தீர்ப்பு வந்ததும் பூட்டை மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டை ஒப்படைக்கும் ரிட் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றக் கட்டளை) தனியாக எடுக்க வேண்டும். அதற்கு நீதிமன்ற அனுமதி தேவை. உண்மையில் குடியிருக்கும் எல்லோருக்கும் தகவல் போயிருக்க வேண்டும். வாடகைக்காரர் உள்ளறைகளை வேறு ஆட்களுக்கு விட்டிருப்பது இங்கே சகஜம். அவர்கள் யார், எத்தனை பேர் என்பதை முன்பே விசாரித்து வையுங்கள்.

அன்றைக்குப் பூட்டு திறப்பவர், புதிய பூட்டு, சாமான் தூக்க ஆட்கள், இரண்டு சாட்சிகள் தயாராக இருக்கட்டும். எதையும் நீங்கள் முதலில் தொடாதீர்கள். பெய்லிஃப் திறக்கச் சொன்ன பிறகு திறப்பது, அவர் ஒப்படைத்த பிறகு பூட்டு மாற்றுவது. ஒவ்வொரு அறையையும் காணொளி எடுத்து, மீதமுள்ள சாமான்களைப் பட்டியலிட்டு, மின்மானி, நீர்மானி எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை வாடகைக் கணக்கு நிற்பதும் அன்றுதான்.

13. சொல்லாமல் போய்விட்டால்

வீடு இருட்டாக இருக்கிறது, தொலைபேசி எடுக்கவில்லை. போய்விட்டார் என்று நீங்களே முடிவு செய்து உள்ளே நுழைந்தால், பிறகு அவர் வந்து ‘என் தங்க நகை அலமாரியில் இருந்தது’ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

கதவில் தேதியிட்ட நோட்டீஸ் ஒட்டுங்கள். செய்தி அனுப்பி, வீட்டை ஒப்படைத்துவிட்டதாக ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியும் சாவியும் கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்கவில்லை, உள்ளே சாமான்கள் இருக்கின்றன என்றால் போலீஸ் புகார் கொடுத்துவிட்டு, நீதிமன்ற ஆணை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

அவர் போன பிறகு மிஞ்சும் பாக்கி 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி இருக்கிறது. படிவம் 198ஐ நிரப்பி நீங்களே போடலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது. வீட்டைக் கேட்க இது உதவாது, பணத்துக்கு மட்டும். வாடகை பாக்கிக்கு 6 ஆண்டு வரை வழக்குப் போடக் காலம் இருக்கிறது. ஆனால் அவருடைய இப்போதைய முகவரி வேண்டும். இரண்டாவது படியில் வாங்கிவைக்கச் சொன்ன ஊர் முகவரியும் வேலை இடமும் இருந்தால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.